எஸ்டிமேட் 80,000, சர்வேயர் எழுதியது 60,000: மீதி எங்கே போனது?

கேள்வி: திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். வீடு மலையடிவாரத்தில். போன மழையில் எங்கள் காம்பவுண்டு சுவர் சரிந்து, பக்கத்தில் நிறுத்தியிருந்த காரின் முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. சின்ன கார்தான், வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. ஃபுல் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் 80,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது 60,000 ரூபாய்தான் வரும் என்கிறார்கள். “கம்பெனி அனுப்புகிற ஆள் கம்பெனிக்குத்தான் எழுதுவார்” என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா? வீட்டுக் கடன் வாங்கியபோது எடுத்த வீட்டு இன்ஷூரன்ஸும் இருக்கிறது. இடிந்த சுவருக்கு அதில் பணம் கேட்கலாமா? கேள்வி கேட்டால் வருகிற பணமும் நின்றுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: முதலில் வீட்டில் உள்ளவர்களின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. அதற்காக யாரும் உங்கள் பணத்தை நிறுத்த முடியாது. ஆனால் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

சர்வேயர் யாருடைய ஆள்?

அவரை அனுப்புவதும் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் இன்ஷூரன்ஸ் நிறுவனம்தான். தெருவில் எழும் சந்தேகத்துக்கு அதுவே காரணம். ஆனால் அவர் கையில் இருப்பது நிறுவனம் கொடுத்த உத்தியோகம் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொடுத்த உரிமம். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 64யு.எம்., இந்தத் தொழிலை வரையறுக்கிறது. 2015-இல் வந்த விதிகளின்படி, வாகன இழப்பு 50,000 ரூபாயையோ, மற்றச் சொத்து இழப்பு ஒரு லட்சம் ரூபாயையோ எட்டினால், உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். இரு தரப்புக்கும் சாயாமல் எழுதுவது அவருடைய கடமை. தவறினால் உரிமமே போகும். வாகனம், தீ, பொறியியல், சரக்கு என்று உரிமம் துறைவாரியாகப் பிரிந்திருக்கிறது. காரைப் பார்க்க வந்தவரே சுவரையும் மதிப்பிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

அவர் வேலை மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவது. சேதம் எதனால் வந்தது? அந்தக் காரணம் பாலிசிக்குள் வருகிறதா? வருமானால், பாலிசியின் நிபந்தனைப்படி எவ்வளவு? ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் இவற்றில் எதற்கும் விடை சொல்வதில்லை. வண்டியைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

அந்த 20,000 ரூபாய்

உங்கள் எஸ்டிமேட்டை ஒரு மாதிரிக் கணக்காகப் பிரித்துக் காட்டுகிறேன். பானட், ஃபெண்டர் போன்ற இரும்புப் பாகங்கள் 30,000 ரூபாய், பம்பர், ஹெட்லைட் முதலிய பிளாஸ்டிக் பாகங்கள் 20,000, முன் கண்ணாடி 8,000, கூலி 10,000, பெயிண்டிங் 12,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80,000.

மாற்றப்படும் பழைய பாகத்துக்குப் புதுப் பாகத்தின் முழு விலையைச் சாதாரண பாலிசி தருவதில்லை. வண்டியின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். மூன்று வருடம் முடிந்து நான்கு முடியாத வண்டிக்கு இரும்புப் பாகங்களில் 25 சதவீதம், அதாவது 7,500 ரூபாய் போகும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு எந்த வயதானாலும் பாதி. அதில் 10,000 போகும். கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவு கிடையாது. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். 12,000-க்கு அது 1,500. கடைசியாக, 1,500 சி.சி. வரையுள்ள கார் என்றால் ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயக் கழிவு 1,000. கூட்டினால் 20,000. கையில் வருவது 60,000.

உங்கள் எஸ்டிமேட் ஏறக்குறைய இப்படிப் பிரிந்திருந்தால் சர்வேயர் உங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. பாலிசி எடுத்த அன்றே எழுதப்பட்டிருந்த கழிவு அது. ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்லப்படும் தேய்மானக் கழிவில்லா கூடுதல் காப்பை எடுத்திருந்தால் இதே சேதத்துக்கு ஏறக்குறைய 79,000 வந்திருக்கும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான தவறு வேறு இடத்தில் இருக்கலாம். நாலாவது வருட வண்டிக்கு ஐந்தாவது வருடத்தின் 35 சதவீதத்தைக் கழித்திருக்கலாம். இரும்புப் பாகத்தை பிளாஸ்டிக் கணக்கில் சேர்த்திருக்கலாம். மாற்ற வேண்டிய பாகத்தைத் ‘தட்டிச் சரிசெய்யலாம்’ என்று எழுதியிருக்கலாம். வெளியே தெரியாமல் ரேடியேட்டர் நசுங்கியிருப்பது விட்டுப் போயிருக்கலாம். வண்டியைப் பிரித்த பிறகு புதுச் சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு சர்வேயரை மறுபடியும் வரச் சொல்ல வேண்டும். அவர் பார்க்காமல் மாற்றிய பாகத்துக்குப் பணம் வாங்குவது கடினம். பழைய பாகங்களையும் அவர் பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இடிந்த சுவர்

வீட்டுக்கடனோடு வந்தது வீட்டுக் காப்பீடுதானா, கடனுக்கான ஆயுள் காப்பீடா என்பதை முதலில் பாருங்கள். பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தருகின்றன. உங்களிடம் இருப்பது அதுவென்றால் காம்பவுண்டு சுவரும் கட்டடத்தின் பகுதியாகச் சேரும். புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் அதில் அடங்கும். வாகன பாலிசியைப் போல அல்லாமல், திரும்பக் கட்டும் செலவையே அடிப்படையாகக் கொள்வார்கள்.

ஆனால் இங்கே சர்வேயரின் முதல் கேள்வி கனமானது. சுவர் ஏன் விழுந்தது? மழையும் மண்சரிவும் தள்ளியதா, அடித்தளம் முன்பே பலவீனமாக இருந்ததா? குறையுள்ள கட்டுமானம், கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, பக்கத்தில் தோண்டியதால் ஏற்படும் சரிவு இவற்றுக்கெல்லாம் நிலச்சரிவுப் பிரிவில் விலக்கு உண்டு.

நம் ஊரில் மண்சரிவை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களும் மூழ்கின. அந்த ஆண்டு டிசம்பர் 13-இல் தீபத் திருவிழா வந்தபோது, புவியியல் வல்லுநர்கள் மலையைப் பார்த்துச் சொன்ன பிறகு, பக்தர்களை மலை ஏற அனுமதிக்கவில்லை. மண் எவ்வளவு நனைந்திருக்கிறது, பாறை எதைப் பிடித்து நிற்கிறது என்று பார்த்து எடுத்த முடிவு அது. சுவரைப் பார்க்க வரும் சர்வேயரும் சிறிய அளவில் அதையேதான் பார்க்கிறார். மலையடிவாரத்தில் கட்டடம் கட்டுவோர் சரிவை வெட்டுவதும் மண்ணைத் தோண்டுவதும் உயிருக்கு ஆபத்து. இழப்பீட்டுக்கும் அது தடையாக வந்து நிற்கும்.

அதனால் சுவரின் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். இடிபாட்டை அள்ளுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்திருந்தால் பலம். மழைக்கு முன் எடுத்த பழைய குடும்பப் படத்தில் சுவர் நேராக நிற்பது தெரிந்தால் அதுவும் சான்று. சுவரின் இழப்பு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால், வெளி சர்வேயர் இல்லாமல் நிறுவனமே முடித்துத் தரலாம்.

இன்ஷூரன்ஸே இல்லாத பக்கத்து வீட்டாருக்கும் ஒன்று சொல்லுங்கள். அவர்களுடைய சேதத்தைப் பதிவு செய்ய வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் எழுதுவது தாசில்தாருக்குப் போய், அரசு நிவாரணம் அங்கிருந்து வரும். ஃபெஞ்சலுக்குப் பிறகு சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. உங்களைப் போன்றவர்களும் கிராம நிர்வாக அலுவலரிடம் நிவாரண மனு கொடுக்கலாம்.

கடை வாசலில் வெள்ளம் வந்தால்

மழைக்காலம் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீரோடு என்ஜின் சுற்றினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். வெள்ளம் நேரடியாகச் செய்த சேதத்துக்குப் பணம் உண்டு. ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைத் ‘தொடர் சேதம்’ என்று சர்வேயர் ஒதுக்கிவிடுவார். என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பு இருந்தால்தான் தப்பலாம். வண்டியை இழுத்துச் செல்லுங்கள்.

எப்படிக் கேட்பது?

சர்வே அறிக்கையின் நகலை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும். தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஆணையம் காலக்கெடு வைத்திருக்கிறது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எஸ்டிமேட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எந்த வரியில் உடன்பாடு இல்லையோ, அதற்கான காரணத்தோடு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். “குறைவாக இருக்கிறது” என்று மட்டும் எழுதும் கடிதம் நகராது. “பானட்டுக்கு 35 சதவீதம் கழித்திருக்கிறீர்கள், பதிவுத் தேதிப்படி 25தான் வரும்” என்று எழுதினால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பணத்தை வாங்கிக்கொள்ளும்போது, ஆட்சேபத்தோடு பெறுகிறேன் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். திருவண்ணாமலையிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அங்கே 2 ஆண்டுகள் அவகாசம்.

சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு லாரி விபத்து வழக்கில், அறிக்கை முக்கியமான சான்றுதான், ஆனால் மாற்ற முடியாதது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு இன்னொரு தீர்ப்பில், தங்களுக்குப் பிடித்த தொகை வரும்வரை சர்வேயர்களை மாற்றிக்கொண்டே போக நிறுவனங்களுக்கு உரிமை இல்லை என்றும் சொன்னது.

இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் கண்டது இது. சேதத்தை அப்படியே காட்டி, காகிதங்களை ஒழுங்காக வைத்து, கணக்கைப் புரிந்துகொண்டு பேசுகிறவருக்குச் சர்வேயரும் கவனமாக எழுதுகிறார். எஸ்டிமேட்டை ஏற்றி எழுதச் சொல்லவும் வேண்டாம், சர்வேயர் கையில் பணம் கொடுக்கவும் வேண்டாம். இரண்டுமே நியாயமான கிளெய்மைக் கெடுத்துவிடும். இந்த வாரமே அறிக்கை நகலுக்கு ஒரு கடிதமும், சுவருக்காக வீட்டு பாலிசியில் ஒரு தகவலும் கொடுத்துவிடுங்கள். தாமதம்தான் உங்கள் கிளெய்மை அதிகம் பலவீனமாக்கும்.