மூடியைக் கவிழ்த்து வைத்தேன்

நீர்க்கடுப்பு என்றாலே எங்கள் வீட்டில் 'சூடு' என்றுதான் தீர்ப்பு. தொப்புளில் விளக்கெண்ணெய், பார்லித் தண்ணீர், இளநீர். இரண்டு நாளில் அடங்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின். பங்குனிக்கும் ஆனிக்கும் நடுவில் எனக்கு மூன்று முறை வந்துவிட்டது. மூன்றாம் முறை அந்த மாத்திரைக்குக் கடுப்பு மசியவே இல்லை. டாக்டரிடம் போனேன். யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எழுதிக் கொடுத்தார்.

முதல் கல்ச்சர் வீண். தப்பு என்னுடையதுதான். காலை ஏழு மணிக்கு வீட்டிலேயே பிடித்தேன். பாட்டில் மூடியைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் கவிழ்த்து வைத்தேன். பிறகு பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வழியில் பேங்க் வேலையையும் முடித்து, மதுரை வெயிலில் லேப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. இரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில், பல கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன, வேறு சாம்பிள் தரவும் என்று இருந்தது.

லேப் தம்பி சிரிக்காமல் விளக்கினார். "அக்கா, ஈகோலை கிருமி தோதான சூட்டில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். உங்க பையில நாலரை மணி நேரம் இருந்திருக்கு." தோலில் இருக்கும் கிருமி நாலு விழுந்தாலும் அதுவும் கூடவே பெருகிவிடும்.

அவர் சொன்னபடி மறுமுறை செய்தேன். வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். டெட்டால் கூடாது, அது சாம்பிளில் கலந்தால் கிருமியைக் கொன்றுவிடும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, கடைசியையும் விட்டுவிட வேண்டும். கேட்க எளிது, எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போகிறவளுக்கு 'நடு' எது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை. மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. லேப் பாத்ரூமிலேயே பிடித்துக் கொடுத்தால் இந்த அலைச்சலே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாதென்றால் ஃப்ரிட்ஜில் வைக்கலாமாம். தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தால் என் மாமியார் என்ன சொல்வார் என்று யோசித்து, லேப்புக்கே போய்விட்டேன்.

இன்னொன்று, ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்து பாதி கொன்ற கிருமி தட்டில் வளராது, ரிப்போர்ட் 'ஒன்றுமில்லை' என்று வரும், கடுப்பு மட்டும் இருக்கும். ஆனால் குளிர்ஜுரமோ விலாப்பக்க வலியோ இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்; சாம்பிளைக் கொடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்கிவிடுவார்.

இரண்டாம் ரிப்போர்ட் தெளிவாக வந்தது. ஈகோலை, ஒரு மில்லிக்கு 1,00,000-க்கு மேல். 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவு இது. தொந்தரவு உள்ள பெண்ணுக்கு இதைவிடக் குறைவான எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம், எண்ணை மட்டும் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது என்றார் டாக்டர். கீழே மருந்துப் பட்டியல். எஸ் போட்டால் கிருமி அடங்கும், ஆர் போட்டால் அடங்காது. சிப்ரோவுக்கு நேரே ஆர். நான் கடையில் கேட்டுக் கேட்டு வாங்கிய அதே மாத்திரை! நைட்ரோஃபியூரன்டாயினுக்கு எஸ். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னதால் பிழைத்தேன்.

இத்தனை பாடம் படித்த பெருமையில், முழுப் பரிசோதனைக்குப் போன மாமியாருக்கும் ஒரு கல்ச்சர் எடுக்கச் சொன்னேன். அவருக்குக் கடுப்பு, காய்ச்சல் எதுவும் இல்லை. ஆனாலும் ஈகோலை வளர்ந்திருந்தது. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயதான பெண்களுக்குத் தொந்தரவே இல்லாமல் கிருமி இருப்பது சகஜம், கர்ப்பிணியாக இருந்தாலோ சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தாலோதான் மருந்து தருவோம் என்று சொல்லி டாக்டர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆட்டோவில் வரும்போது மாமியார் கேட்டார்: "அவ்வளவு காசு வாங்கிட்டு ஒரு மாத்திரைகூட எழுதலையே, இவரெல்லாம் என்ன டாக்டர்?"