பாடம் 9: முற்றுப்பெறாத நாடு

“பாலத்தைக் கடந்ததும் இடப்பக்கம் திரும்பு. ஆற்றை வலக்கைப் பக்கமாகவே கொண்டு வடக்கு நோக்கி நட. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரு பாறைகள் தென்படும். அவற்றின் பின்னே குகையின் வாயிலைக் காண்பாய்.”

வழிப்போக்கன் ஒருவனுக்கு மீனவப் பெண் ஒருத்தி இவ்வாறு வழி கூறுகிறாள் என்று கொள்வோம். அவனிடம் நிலப்படம் உண்டு; ஆனால் அந்தக் குகை அதில் குறிக்கப்படவில்லை. அவளுடைய சொற்களே அவனுக்குத் துணை. பாலம் வந்தது, கடந்தான், இடப்பக்கம் திரும்பினான். ஆறு அவனுடைய இடக்கைப் பக்கம் ஓடியது. வலக்கைப் பக்கம் அல்லவா ஓட வேண்டும்? ஐயத்துடனே நடந்தான். பொழுது சாய்ந்தது. பாறைகளும் வரவில்லை, குகையும் வரவில்லை. அவள் கூறிய நான்கு தொடர்களில் ஒரே ஒரு சொல் பிழையானது. அந்த ஒரு சொல் அவனை நேர் எதிர்த் திசைக்கு அனுப்பிவிட்டது. தாளில் ஓர் ஆற்றையும் ஒரு பாலத்தையும் வரைந்து, விரலால் நடந்து பார்த்தால் அச்சொல் எதுவென்று புலப்படும்.

இவ்வாறு சொற்களைக் கொண்டே வழிகாட்டும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ‘மாரோவிண்ட்’. அமெரிக்காவிலுள்ள பெதஸ்டா என்னும் நிறுவனம் அதை 2002ஆம் ஆண்டு வெளியிட்டது. ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் வரிசையில் அது மூன்றாவது விளையாட்டாகும். ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் உருவை ஏற்று, அக்கற்பனை உலகில் தம் விருப்பப்படி திரியலாம். வாள் பயிலலாம், மந்திரம் கற்கலாம், யாரோடும் பேசலாம். கதை தொடங்கும்போது அவர் ஒரு கைதி. கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, சிறு துறைமுகம் ஒன்றில் விடுதலை செய்யப்படுகிறார். கையில் ஆயுதம் இல்லை. அறிந்தவர் எவரும் இல்லை. ஊருக்கு ஊர் செல்ல, பனைமரத்தினும் உயர்ந்த கால்களையுடைய பூச்சி ஒன்று ஊர்தியாக நிற்கிறது. அதன் முதுகோட்டைக் குடைந்து அமரும் இடம் அமைத்திருக்கிறார்கள்!

இக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில், செல்ல வேண்டிய இடத்தை ஓர் அம்புக்குறி காட்டிக்கொண்டே இருக்கும். ஆடுபவர் அக்குறியைப் பின்தொடர்ந்தால் போதும். அருகில் நிற்பவர் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை. மாரோவிண்டில் அம்புக்குறி இல்லை. சில இடங்கள் நிலப்படத்தில் குறிக்கப்படும். மற்ற இடங்களை ஊரார் கூறும் அடையாளங்களைக் கொண்டுதான் தேட வேண்டும். அவ்வுரையாடல்களும் பெரும்பாலும் எழுத்து வடிவில் உள்ளவை. படிக்காமல் அதை ஆட இயலாது.

தமிழுக்கு இது புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனுக்கு வழி கூறுவதாக அவற்றுள் நான்கு அமைந்துள்ளன. திருமுருகாற்றுப்படை மட்டும் முருகனிடம் ஆற்றுப்படுத்துகிறது. ‘ஆறு’ என்பதற்கு இங்கு ‘வழி’ என்பது பொருள். மலைபடுகடாம் என்னும் நூல் நன்னன் என்ற தலைவனின் மலைநாட்டுக்கு வழி கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, வழுக்கும் பாறைகள் எங்கே, தினைப்புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் எங்கிருந்து வரும் என்பனவெல்லாம் அதில் உள்ளன. வழி கூறுபவன் முன்பே அவ்வழியில் நடந்தவன். ஆதலால் அவன் சொல்லை நம்பிக் குழந்தைகளோடும் யாழோடும் ஒரு குடும்பமே புறப்படலாம்.

மாரோவிண்ட் என்பது விளையாட்டின் பெயர் மட்டுமன்று. கதையில் வரும் மாகாணத்தின் பெயரும் அதுவே. டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தின் வடகிழக்கில் அம்மாகாணம் உள்ளது. ஆனால் 2002ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டில் மாகாணம் முழுவதும் இல்லை. அதன் நடுவே எரிமலையோடு கூடிய வார்டன்ஃபெல் என்னும் தீவே பெரிதும் இடம்பெற்றது. தீவைச் சூழ்ந்த பெருநிலத்தைப் பற்றி மக்கள் பேசுவார்கள். அங்கிருந்து வந்த வணிகர்கள் உண்டு. நூல்களில் அவ்வூர்களின் பெயர்கள் உண்டு. ஆயினும் ஆடுபவர் அங்கே நடந்து செல்ல இயலாது. பாட்டியின் வாயால் பலமுறை கேட்டும் இன்னும் கண்ணால் காணாத ஊரைப் போல, அந்நிலம் பெயரளவில் இருந்தது.

அக்குறையை நீக்க முன்வந்தவர்கள் நிறுவனத்தார் அல்லர், விளையாட்டின் ஆர்வலர்களே. அவர்களுடைய முயற்சிக்கு ‘டாம்ரியல் ரீபில்ட்’ என்று பெயர். அது தொடங்கியது 2001ஆம் ஆண்டில். அதாவது, விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே அதை விரிவாக்கும் திட்டம் பிறந்துவிட்டது! முதலில் அவர்கள் எண்ணியது சிறிதன்று: கண்டம் முழுவதையும் படைத்துவிட வேண்டும் என்பதே அது. சில ஆண்டுகளில் அவ்வெண்ணத்தின் அளவு அவர்களுக்கே புரிந்தது. ஆகவே மாரோவிண்ட் மாகாணத்தின் பெருநிலத்தை மட்டும் படைப்பது என்று எல்லையைச் சுருக்கிக்கொண்டனர். எஞ்சிய மாகாணங்களைப் படைக்கும் பணியைப் பிற்காலத்தில் ‘புராஜெக்ட் டாம்ரியல்’ என்னும் உடன்பிறப்புக் குழு எடுத்துக்கொண்டது.

திட்டம் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை இன்று பட்டப்படிப்பை முடித்திருக்கும். நாடு இன்னும் முடியவில்லை.

ஏன் இவ்வளவு காலம் என்று வினவலாம். ஒரு வீட்டின் உட்புறம் எவ்வாறு உருவாகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். விளையாட்டின் கணினிப் பதிப்போடு கட்டுமான மென்பொருள் ஒன்றையும் நிறுவனமே வழங்கியது. அதில் தொடக்கத்தில் இருப்பது வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் சுவர், தரை, கூரை ஆகியவற்றை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பின்பு மேசை, மேசைமேல் தட்டு, தட்டில் ரொட்டி, மூலையில் விளக்கு. ஒவ்வொரு பொருளையும் கையால் நகர்த்தி வைக்க வேண்டும். தட்டு மேசையைத் தொடாமல் மயிரிழை அளவு அந்தரத்தில் நின்றால், பார்வையிடுபவர் அதைப் பிழையென்று திருப்பி அனுப்புவார். சற்றே மேசைக்குள் புதைந்திருந்தாலும் அதே கதிதான். வீட்டில் வாழ்பவர் நடமாடுவதற்குத் தரைமீது புள்ளிகளை இட்டு, அவற்றைக் கோடுகளால் இணைக்க வேண்டும். கோலம் போடுவதைப் போன்ற வேலை. அதை மறந்தால், வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

இவ்வளவும் ஒரு வீட்டுக்கு. ஒரு நகரில் எத்தனை வீடுகள்!

புதிதாகச் சேர விரும்புபவர் முதலில் ஒரு மாதிரி அறையை அமைத்துக் காட்ட வேண்டும். மூத்தோர் அதைப் பார்த்துக் குறைகளைச் சொல்வார்கள். அவற்றைத் திருத்திய பின்பே நாட்டின் ஒரு பகுதி அவர் கையில் ஒப்படைக்கப்படும். ஊதியம் எவர்க்கும் இல்லை. பள்ளி, கல்லூரி, அலுவலகம் ஆகியவற்றின் நேரம் போக எஞ்சிய பொழுதில்தான் இப்பணி நடைபெறுகிறது.

மக்களைப் பேசவைப்பது வீடு கட்டுவதினும் கடினம். இவ்விளையாட்டில் ஓர் ஊரின் பெயரையோ ஒரு தலைவரின் பெயரையோ தேர்ந்தெடுத்தால், எதிரில் நிற்பவர் அதைப் பற்றிப் பேசுவார். ஒரே வினாவுக்கு வணிகர் ஒன்று கூறுவார்; காவலர் வேறொன்று கூறுவார். எந்த விடையை எவர் கூற வேண்டும் என்று எழுதுபவர் வரையறுத்தாக வேண்டும். கணினி அவ்விடைகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும். முதலில் பொருந்துவதைக் காட்டிவிடும். வரையறையை எழுத மறந்தால், மகனை இழந்த தாய் ஒருத்திக்கென எழுதிய சொற்களை, ஊரிலுள்ள மதுக்கடைக்காரரும் காவலரும் பேசத் தொடங்குவர். நகைப்புக்குரியதுதான், ஆனால் அத்தாயின் துயரை எழுதியவர்க்கு அது நகைப்பாக இராது.

வழி கூறும் தொடர்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். குகை ஓரிடத்தில் இருக்கும் என்று எண்ணி ஒருவர் எழுதியிருப்பார். மலையைச் செப்பனிடும் மற்றொருவர் அதைச் சற்றுத் தள்ளி அமைத்திருப்பார். இருவரும் தத்தம் பணியைச் செவ்வனே செய்தவர்களே. ஆயினும் மீனவப் பெண் பொய்யளாகிவிடுவாள். அசல் விளையாட்டிலேயே வழி தவறச் சொன்ன இடங்கள் சில இருந்தன. ஆர்வலர்கள் அவற்றைக் கண்டறிந்து திருத்தினர். ஆகவே எழுதியதை எழுதியவரே சரிபார்ப்பது போதாது. அந்நிலத்தை அறியாத ஒருவர், அச்சொற்களை மட்டும் கையில் கொண்டு, காலால் நடந்து பார்க்க வேண்டும். எழுதியவர்க்கு வழி தெரியும். அதனாலேயே தம் பிழை அவர் கண்ணுக்குப் படாது.

பணியை ஏற்றவர் எல்லாரும் அதை முடிப்பதில்லை. ஒருவர் பாதி அரண்மனையை அமைத்திருப்பார். தேர்வு வந்துவிடும், அல்லது வேலை கிடைத்துவிடும், அல்லது ஆர்வம் குன்றிவிடும். அவர் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடர்வார். முன்னவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைச் சுவர்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். அவ்வரண்மனை வெளிவரும் நாளில் எவரை அதன் ஆசிரியர் என்பது?

மற்றொரு சங்கடமும் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழுவினரின் திறன் வளர்ந்தது. அதனால், முதலில் வெளியிட்ட வடகிழக்குப் பகுதிகள் பின்னர் அமைத்தவற்றின் அருகே மெலிந்து தோன்றின. அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய நிலத்தை நோக்கிச் சென்றிருந்தால் பணி விரைந்திருக்கும். அவர்களோ பழைய நிலத்துக்குத் திரும்பிச் சென்று திருத்தினர். இது வீண் வேலை என்று கூறுவோர் உண்டு. முழுமையடைவதை இன்னும் தள்ளிப்போடுகிறார்கள் என்று வருந்துவோரும் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முதன்முதலில் காத்திருக்கத் தொடங்கிய இளைஞர்கள் இன்று நடுவயதினர்.

ஆயினும் ஒன்றைக் குழுவினர் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டனர். முழு நாடும் முடிந்த பின்பே வெளியிடுவோம் என்று காத்திருந்தால் எவரும் எதையும் காணமாட்டார்கள். ஆதலால் ஒவ்வொரு பகுதியும் முடிய முடிய வெளியிட்டுவருகின்றனர். 2025ஆம் ஆண்டில் நார்சிஸ் என்னும் பெருநகரம் வந்து சேர்ந்தது. அசல் விளையாட்டைத் தம்மிடம் கொண்டுள்ள எவரும் இப்பகுதிகளைக் கட்டணமின்றிப் பெற்று ஆடலாம். இவற்றை விற்கும் உரிமை குழுவினருக்கு இல்லை. உலகமும் அதன் பெயர்களும் நிறுவனத்துக்கு உரியவை.

இன்று ஒருவர் வார்டன்ஃபெல் தீவிலிருந்து படகேறிப் பெருநிலத்தை அடையலாம். சாலை வழியே நாட்கணக்கில் நடக்கலாம். சத்திரங்களில் தங்கலாம், முன்பு பெயராக மட்டும் இருந்த ஊர்களில் வழி கேட்கலாம். இன்னும் கட்டப்படாத எல்லையை அடையும்போது நிலம் சட்டென நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் நீர். மலையோ மரமோ மனிதரோ இல்லை. நிலப்படத்தில் அவ்விடம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒரு கட்டத்தை யாரோ ஒருவர் தம் பெயரில் கேட்டுப் பெற்று, முதல் பாறையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சொற்பொருள்

வழிப்போக்கன் – வழியில் செல்பவன்
ஆற்றுப்படுத்துதல் – வழிகாட்டி அனுப்புதல்
பரிசில் – புலவரும் கலைஞரும் பெறும் கொடை
தினைப்புனம் – தினை விளையும் மலைநிலம்
கவண் – கல்லெறியும் கருவி
செப்பனிடுதல் – சீர்செய்தல்
செவ்வனே – முறையாக

பயிற்சி

1. மீனவப் பெண் கூறிய வழியில் பிழையான சொல் எது? படம் வரைந்து, அது பிழை என்பதற்குக் காரணம் எழுதுக.

2. எழுதியவரே தம் பிழையைக் காண்பது ஏன் அரிது? பாடத்தின் துணைகொண்டு உம் சொற்களில் விடை தருக.

3. பழைய பகுதிகளைத் திருத்தியது சரியா, புதிய பகுதிகளை நோக்கிச் சென்றிருக்க வேண்டுமா? இரு பக்கமாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.

4. பள்ளி வாயிலிலிருந்து உம் வீட்டுக்கு வரும் வழியை எட்டுத் தொடர்களில் தமிழில் எழுதுக. தெருப்பெயரையும் கதவு எண்ணையும் பயன்படுத்தாமல், மரம், கடை, கோயில், பாலம் போன்ற அடையாளங்களை மட்டும் கூறுக. எழுதியதை, உம் வீட்டுக்கு இதுவரை வந்திராத தோழர் ஒருவரிடம் கொடுத்து, அதன்படி படம் வரையச் சொல்லுக. படத்தில் வீடு எங்கே வந்து சேர்கிறது என்று பார்த்துத் தொடர்களைத் திருத்துக.

5. உம் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த ஊரில், பேருந்து நின்ற இடத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு எப்படிச் செல்ல வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் கூறும் சொற்களிலேயே எழுதி வருக.