ஊரில் சிலம்பப் பட்டறை நடத்தப் போகிறீர்களா?

ஒருநாள் பட்டறை என்றாலே ஃப்ளெக்ஸ், மேடை, பொன்னாடை என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். தேவையில்லை. ஓர் ஆசான், 12 பேர், 3 மணி நேரம் போதும்.

எத்தனை பேர் என்பதை இடம்தான் முடிவு செய்யும். நெற்றி உயரக் கம்பு சுமார் ஐந்தரை அடி இருக்கும்; சுழற்றுபவரைச் சுற்றி ஏழெட்டு அடியாவது காலியாக வேண்டும். மொட்டை மாடி சரிப்படாது, கேபிள் ஒயர் குறுக்கே வரும். பள்ளி மைதானத்தைக் கேளுங்கள். முந்தின நாள் மாலையே கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

கம்புகளைப் பழைய பருத்தித் துணியால் நீளவாக்கில் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் சிராய் இருக்கும், உப்புத்தாள் போடுங்கள். வெடிப்பு தெரிந்தால் அந்தக் கம்பை ஒதுக்கிவிடுங்கள்.

பாடம் ஒன்றே ஒன்று: ஒரு வீச்சு, அதற்கான தடுப்பு. தீப்பந்தமெல்லாம் திருவிழாவுக்கு. முதல் அரை மணி கம்பு வேண்டாம், காலடி மட்டும்.

ஜோடியை 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சேர்ந்து வந்த நண்பர்களை முதல் சுற்றிலேயே பிரித்துவிடுவது நல்லது; இல்லாவிட்டால் கடைசிவரை அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

வேறு ஆசானின் மாணவர்களையும் அழைக்கலாம். ஆனால் முதலில் அந்த ஆசானை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் கோபித்துக்கொள்வார், அதில் நியாயமும் உண்டு.

விரல் கணுவில் அடி படுவது சகஜம். ஐஸ் கட்டி கையில் இருக்கட்டும். முடிந்ததும் சுக்குக் காபி, சுண்டல். அப்போதே அடுத்த தேதியையும் பேசி முடித்துவிடுங்கள்.