திமிங்கிலம் காணும் பருவமும் நம் கிராமங்களும்

வேளாண்மை ஒன்றையே நம்பி வாழும் ஊருக்கு வேலையற்ற மாதங்களே பெருஞ்சோதனை. அம்மாதங்களில் வெளியூரார் வந்து தங்கிச் செலவிடுவாராயின், அவ்வருவாய் குடும்பங்களுக்கு ஊன்றுகோலாகும். எனினும், வருவோர் பெருகினால் மட்டும் ஊர் செழித்துவிடாது. இவ்வுண்மையைக் கடற்கரை ஊர்கள் சில நமக்கு நன்கு உணர்த்துகின்றன.

மிரிஸ்ஸ கண்ட மாறுதல்

இலங்கையின் தென்கரையில், மாத்தறை மாவட்டத்திலுள்ள மீனவ ஊர் மிரிஸ்ஸ. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை அக்கரையை அழித்தது. சில ஆண்டுகள் கழித்து, திமிங்கிலங்களைக் காட்டும் படகுத் தொழில் அங்கே தலையெடுத்தது. தீவின் தென்பால் கரைக்குச் சற்றுத் தொலைவிலேயே கடல் மிக ஆழமாகிறது. ஆதலின், உலகின் மிகப் பெரிய விலங்காகிய நீலத் திமிங்கிலம் அங்கே கரைக்கு அருகிலேயே இரை தேடுகிறது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவில் பருவம். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் தென்கடல் கொந்தளிக்கும். அப்பொழுது கீழ்க்கரையிலுள்ள திருகோணமலையில் கடல் அமைதியாயிருக்கும். பயணிகள் அங்கே செல்வர். ஓர் ஊரின் பருவம் முடியுங்கால் மற்றோர் ஊரின் பருவம் பிறக்கிறது.

உரிமை யாருக்கு?

நியூசீலாந்தின் தெற்குத் தீவிலுள்ள கைக்கோரா, முன்பு திமிங்கில வேட்டை நடந்த ஊர். 1980-களில் அரசுத் துறைகளில் ஆட்குறைப்பு நிகழவே, அங்குள்ள மாவோரி மக்கள் பலர் வேலையிழந்தனர். 1987-இல் மாவோரிக் குடும்பங்கள் சில தம் வீடுகளையே அடகு வைத்துப் படகு வாங்கி, திமிங்கிலம் காட்டும் தொழிலைத் தொடங்கின. இன்றும் அந்நிறுவனம் அம்மக்களுக்கே உரியது. பயணி தரும் பணம் ஊரிலேயே தங்குவதற்கு இதுவே காரணம்.

பேராசையும் ஆபத்தும்

மிரிஸ்ஸவில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து விரட்டும் வழக்கம் ஏற்பட்டது. விரட்டப்படும் விலங்கு இரையை விட்டு விலகும். விலங்கு விலகினால் தொழிலும் விலகும். இதனைத் தடுக்க 2012-இல் இலங்கை அரசு, படகுகள் 100 மீட்டருக்குள் நெருங்கலாகாது என்று விதி செய்தது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. அதனைக் காப்போரும் வேண்டும்.

வருவாயும் நிலையானதன்று. 2019-இல் ஈஸ்டர் நாளில் வெடித்த குண்டுகளும், 2020-இல் பரவிய கொள்ளை நோயும், 2022-இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியும் இலங்கைக்கு வரும் பயணிகளை வெகுவாகக் குறைத்தன. மீன்பிடித்தலை அறவே கைவிட்டவருக்கு அந்நாளில் வேறு துணை ஏது?

நாம் கற்க வேண்டியவை

சுந்தரபாண்டியத்திற்கும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் கடல் இல்லை. மேற்கே மலை உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரிக்குச் செல்லும் அடியார்கள் வத்திராயிருப்பு வழியே தாணிப்பாறைக்கு வருகின்றனர். சாம்பல் நிற மலை அணிலுக்கென 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அவ்வனம் புலிகள் காப்பகத்துள் சேர்ந்தது. நமக்கும் பருவம் உண்டு, காணத்தக்க உயிரும் உண்டு. ஆகவே பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்வோமாக.

1. உணவு, தங்குமிடம், வண்டி ஆகியவற்றை உள்ளூர் மகளிர் குழுக்களும் இளைஞர்களும் நடத்த வேண்டும். வெளியூர் வணிகர் கடை விரித்து, குப்பையை மட்டும் நமக்கு விட்டுச் செல்ல இடந்தரலாகாது.

2. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டினுள் எவரையும் அழைத்துச் செல்லுதல் கூடாது. அணிலுக்குத் தின்பண்டம் எறிவதும் கூச்சலிடுவதும் திமிங்கிலத்தைப் படகால் விரட்டுவதற்கு ஒப்பாகும்.

3. பாதுகாப்பே முதற்கடமை. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் சிக்கி அடியார் பலர் உயிரிழந்தனர். மலையில் மழை பெய்யுங்கால் ஓடையைக் கடக்க விடாது நிறுத்துவதே உண்மையான விருந்தோம்பல். அன்றைய வருவாய் போனால் போகட்டும்.

4. பருவத்து வருவாய் மழைநீரைப் போன்றது. கண்மாயில் தேக்கியவனுக்கே கோடையில் அது உதவும். ஒவ்வொரு குழுவும் வரவில் ஒரு பங்கைச் சேமநிதியாக ஒதுக்குதல் வேண்டும். உழவையும் கால்நடையையும் எக்காரணத்தாலும் கைவிடலாகாது.

இவற்றை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். குழுக்களின் பெயர்களையும், அவை ஏற்கும் பொறுப்புகளையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். விலங்கு அஞ்சாமல் வாழவும், விருந்தினர் நலமே திரும்பவும், பணம் ஊரில் தங்கவும் செய்யும் ஊரே இத்தொழிலில் நிலைத்து நிற்கும்.