நுண்குழாயும் நீராவியும்

கார்பன் நானோகுழாய், தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. அதனை வளர்க்க, சூடான உலையினுள் எத்திலீன் வாயுவைச் செலுத்துவர். அவ்வாயு சிதைந்து வெளிவரும் கார்பன், நுண்ணிய இரும்புத் துகள்களின்மீது குழாயாக வளரும். இத்துகள்களே வினையூக்கி. ஆயினும், மிஞ்சிய கார்பன் கரியாகப் படிந்து துகள்களை மூடிவிடும். வளர்ச்சியும் விரைவில் நின்றுவிடும்.

2004ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலறிஞர் கென்ஜி ஹட்டாவின் குழுவினர், அவ்வாயுவுடன் மிகச் சிறிதளவு நீராவியைக் கலந்தனர். நீராவி கரிப்படிவை அகற்றியது. துகள்கள் தொடர்ந்து செயல்பட்டன. 10 நிமிடங்களில் குழாய்கள் 2.5 மில்லிமீட்டர் உயரம் வளர்ந்தன. நீராவி அளவுக்கு மிஞ்சினாலோ வளர்ச்சி குன்றும்.

சிந்தித்து விடை எழுதுக:
1. குழாய்களின் வளர்ச்சி இடையில் நின்றது ஏன்?
2. நீராவியை அளவறிந்து கலக்க வேண்டியது ஏன்?