பனி காயும் முன் வயலுக்குப் போ

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திருமழிசை நிலத்தில் இறங்குகிறாய், மனசு நிறைகிறது. “மார்கழி பிறந்தாச்சு, குளிரில் பூஞ்சையெல்லாம் அடங்கிவிடும்” என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னது ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குளிருக்குப் பொருந்தும். பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் நெல் குலைநோய்ப் பூஞ்சையின் வித்தும் முளைக்கத் திணறும். ஆனால் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மார்கழி இரவு இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிர் வித்தை உறங்க வைக்காது. வித்து முளைக்கத் தேவையான பனியை இலையில் இறக்கி வைக்கும்.

ஈர இலையில் ஒட்டிய வித்து இரண்டு மணி நேரத்தில் முளைக்குழல் நீட்டும். அதன் நுனி குமிழாகத் திரண்டு, கருநிறமியால் சுவரைக் கெட்டிப்படுத்தி, கார் டயரில் இருப்பதைப் போல நாற்பது மடங்கு அழுத்தத்தோடு இலையைத் துளைக்கும். ஈரம் பத்து மணி நேரம் நின்றால் அதற்குப் போதும். முன்னிரவில் விழும் பனி வெயில் ஏறும்வரை காயாத மாதம் இது.

இதைச் சின்ன நோய் என்று நினைக்காதே. 1919-இல் தஞ்சை டெல்டாவில் பெருஞ்சேதம் செய்தது. நம் கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல்லை, குலைநோய் எளிதில் பிடிக்கும் ரகம் என்பதாலேயே வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஒப்பீட்டுக்கு வளர்க்கிறார்கள். ரகம் பார்த்து விதைப்பது அவ்வளவு முக்கியம்.

இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு தெரிந்தால் அந்த இலையைப் பறித்துக்கொண்டு திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் காட்டு. கருநிறமியைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. பூஞ்சை துளைக்கும் முன் தெளித்தால்தான் பலன். கதிரின் கழுத்து கறுத்த பிறகு ஓடினால் பதர்தான் மிஞ்சும். பயிர் கரும்பச்சையாக வேண்டுமென்று யூரியாவை அள்ளி இறைக்காதே. தழைச்சத்து மிஞ்சிய பயிரைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும். அடுத்த பட்டத்துக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்.

நீ வயலுக்குப் போவது உச்சிப்பொழுதில். அப்போது இலை காய்ந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வருகிற ஞாயிறு ஆறு மணிக்கே வரப்பில் நின்று இலையைத் தடவிப் பார். எட்டு மணிக்கு மறுபடி தடவு. அப்போதும் கை நனைந்தால், புள்ளி தெரியும்வரை காத்திராமல் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
பெரியப்பா