கராத்தேயில் 'ரெய்' என்னும் சொல்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை நடத்தும் சகோதரர்களே! நம் பிள்ளைகள் பயிலும் கராத்தேயின் ஜப்பானியச் சொற்களை நாமும் அறிவது நலம்.

'கராத்தே' என்றால் வெறுங்கை. முன்னர் அதே ஓசையைச் 'சீனக் கை' என்று பொருள்பட எழுதினர்; 1936-ல் ஒகினாவா ஆசான்கள் கூடி 'வெறுங்கை' என்பதை ஏற்றனர். 'சென்செய்' முன் பிறந்தவர், அதாவது ஆசான். 'ஹாஜிமே' தொடங்கு, 'யமே' நிறுத்து.

'ரெய்' என்றதும் மாணவர் குனிவர். இதனாலேயே பிள்ளையை நிறுத்திவிட எண்ணும் பெற்றோர் உண்டு. ருகூவைப் போல் குனிவது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்பது உண்மை. ஆனால் 'ரெய்' என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் மரியாதையே. ஆகவே அவசரப்படாமல் ஆசானிடம் பணிவாக எடுத்துரைப்போம். நிமிர்ந்து நின்று நெஞ்சில் கைவைத்து மரியாதை செய்ய அனுமதி கேட்போம். பயிற்சியும் தொடரும், மார்க்கமும் பேணப்படும்.